பதினோரு நாள் மறைத்தேன்

காலையில் என் மனைவி சரோஜா முதலில் போய் நிற்பது பின்பக்கத்துக் கறிவேப்பிலைச் செடியிடம். குனிந்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்ப்பாள். வண்ணத்துப்பூச்சியின் முட்டை ரவையைவிடக் கொஞ்சம் பெரிது, வெளிர் மஞ்சள். இலையோடு கிள்ளி, ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து, வலைத்துணியால் மூடுவாள். செடியிலேயே விட்டால் எறும்பும் குளவியும் மிச்சம் வைக்காது. மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங்கில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அப்படி எத்தனையோ பறந்து போயின.

ஒருநாள் பாதி குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள்.

"குனிய முடியலங்க. வயிறு இடிக்குது."

வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு மாதத்தில் பாவாடை நாடா எட்டவில்லை. மருத்துவமனையில் வயிற்றிலிருந்து மூன்று லிட்டர் நீரை வடித்தார்கள். சூலகப் புற்றுநோய் (கருமுட்டை உருவாகும் உறுப்பில் வரும் புற்று) என்றார்கள். உங்கள் வீட்டுப் பெண்களுக்கு வயிறு உப்பினால் ஓமத்தோடு நிறுத்தாதீர்கள்.

கீமோதெரபி (புற்றணுக்களை அழிக்க ரத்தக்குழாய் வழியே ஏற்றும் மருந்து) தொடங்கியதும் அவளுடைய வெள்ளை அணுக்கள் (கிருமிகளை எதிர்ப்பவை) சரிந்தன. மண்ணையும் செடியையும் தொடவே கூடாது என்றார் டாக்டர். டப்பாக்கள் என் பொறுப்புக்கு வந்தன.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். தடித்த விரல்கள். பறவை எச்சம் போலிருக்கும் குட்டிப் புழுவை நசுக்காமல் புது இலைக்கு மாற்ற ஒரு வாரம் பிடித்தது. அவள் ஹாலில் நாற்காலியில் இருந்தபடி கேட்பாள்: "தின்னுதா? தோலுரிச்சிடுச்சா?"

மூன்றாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னையும் மகள் கவிதாவையும் தனியாக அழைத்தார். புற்று கல்லீரலுக்குப் பரவியிருந்தது.

"அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று மலாயில் கேட்டார்.

"நான் சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. காரில் கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப வேணாம்லாப்பா. அம்மா தாங்க மாட்டாங்க."

மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சரோஜாவிடம் சொன்னோம்.

அந்த வாரம் எங்கள் செடியில் இலை தீர்ந்துவிட்டது. சந்தையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கி, மூன்று முறை கழுவித்தான் போட்டேன். அதில் பூச்சிமருந்து இருந்திருக்கிறது. மறுநாள் காலை பத்தொன்பது புழுக்களும் பச்சை நீர் கக்கிச் சுருண்டு கிடந்தன. நாளிதழில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

நான்கு நாள் கழித்து அவள் கேட்டபோது, "எல்லாம் கூடு கட்டிடுச்சு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "முட்டை பொரிச்சு எட்டு நாள்கூட ஆகல. அதுக்குள்ள கூடா? செத்துப்போச்சுதானே?"

தலையசைத்தேன்.

"டாக்டர் சொன்னதையும் இப்படித்தான் மறைச்சீங்களா?"

அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று மட்டும் கேட்டாள்.

"பதினோரு நாள்."

"இந்தப் பதினோரு நாளும் நல்லாயிடுவேன்னு நெனச்சு, வாந்தியை அடக்கிக்கிட்டுச் சாப்பிட்டேங்க."

உங்களுக்காக இதை எழுதுவதே அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான். நாங்கள் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தோம். அவளுடைய நாட்களை அவளைக் கேட்காமல் செலவழித்திருக்கிறோம்.

மறுவாரம் அவளே டாக்டரிடம் பேசினாள். ஊசி போதும் என்றாள். வலி தணிப்புச் சிகிச்சைக்கு (நோயைக் குணமாக்க அல்ல, வேதனையைக் குறைக்க) மாற்றினார்கள். செடியைத் தொடலாமா என்று கேட்டாள். "தொடுங்க" என்றார் டாக்டர்.

ஆறு வாரம் பின்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். குனிய முடியாததால் கிளையை நான் வளைத்துப் பிடிப்பேன். ஏழு முட்டைகள் கிடைத்தன. இரண்டுதான் பறந்தன. மற்றவற்றில், வலைத்துணிக்குள் புகுந்த பொடிக் குளவி முந்திக்கொண்டு முட்டையிட்டிருந்தது; கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்தவை சின்னக் குளவிகள். அவள் அதையும் கடைசிவரை பார்த்தாள். "அதுக்கும் பசிதானே" என்றாள்.

வியாழக்கிழமை காலை, கவிதா தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது சரோஜா இறந்தாள்.

ஐந்து மாதம் ஆகிறது. கடைசி வாரங்களில் அவளுக்கு மார்பின் சிரப் (கடும் வலிக்கான மருந்து) நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கை கழுவிவிட்டு, நான்தான் கொடுப்பேன். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு. அந்த நேரங்கள் இன்னும் என் உடம்பில் இருக்கின்றன. கடை வரிசையில் நின்றாலும் பத்து மணிக்குக் கால்கள் வீட்டுப் பக்கம் இழுக்கின்றன. வீட்டில் இருந்தால் எழுந்து கை கழுவுகிறேன். ஈரக் கையோடு கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகு உட்கார்ந்து, இரண்டு மணி வரக் காத்திருக்கிறேன்.