லாண்டெக்கில் எந்தப் பாதை பூட்டு?

1. அடிமட்டம்

டென்மார்க்கில் கிழமைகளுக்கு, அதாவது வாரங்களுக்கு, இலக்கம் உண்டு. ஏழாம் கிழமை என்றால் பனிக்கால விடுமுறை. அந்தச் சனிக்கிழமை பாதி நாடு காரின் கூரையில் பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு ஜெர்மனியைக் குறுக்கறுத்து ஆஸ்திரியாவுக்கு இறங்கும். இறங்குகிற கார்களில் சில வழியில் பழுதாகி நிற்கும். நின்றால் எங்களுக்குத் தொலைபேசி அடிப்பார்கள். ஓகூஸ் நகரில் இருந்த ஓர் அலாம்சென்ட்ரால், அதாவது அவசர உதவித் தொலைபேசி நிலையம், அதுதான் எங்கள் இடம். நாங்கள் காரைத் தொட்டதே இல்லை. கதிரையில் இருந்தபடி அந்த ஊரில் ஒரு கராஜைப் பிடித்து இழுவை வண்டியை அனுப்புவதுதான் வேலை.

நான் அங்கே சேர்ந்தது ஸ்கீவ ஊரில் இருந்த அகதி முகாம் வாழ்க்கையும், அதற்குப் பிறகு இரண்டு தொழிற்சாலைகளும் அலுத்த பிறகு. வேலைக்கு மூன்று பொருள்கள் தந்தார்கள்: சுவர் நிறைய ஒரு வரைபடம், கராஜ்களின் பெயர்ப்பட்டியல், தூரம் அளக்க ஒரு பிளாஸ்டிக் அடிமட்டம். கார் நிற்கிற இடத்தில் அடிமட்டத்தை வைத்து, ஆகக் கிட்டிய கராஜுக்குத் தொலைநகல் அனுப்ப வேண்டும்.

என்னுடைய முதல் ஏழாம் கிழமைச் சனி. காலை பத்தரைக்கு ஒரு தகப்பன் அடித்தார். மேற்கு ஆஸ்திரியாவில் ஒரு நீண்ட பள்ளத்தாக்கின் உள்முனை; கார் செத்துவிட்டது, சூடாக்கி வேலை செய்யவில்லை, பின் இருக்கையில் மனைவியும் மூன்று மாதக் குழந்தையும். அடிமட்டத்தை வைத்தேன். மலைக்கு மற்றப் பக்கத்தில் ஒரு கராஜ், ஒரு விரலகலம்கூட இல்லை. நடுவில் மஞ்சள் கோடு, அழகான பாதை. தொலைநகல் அனுப்பினேன். "வெளிக்கிட்டாச்சு" என்று பதில் வந்தது.

"காருக்குள்ளேயே இருங்கோ. நாற்பது நிமிசத்தில வந்திடுவினம்" என்றேன்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவர் மறுபடி அடித்தார். குழந்தையின் அழுகை எனக்கும் கேட்டது. "வந்துகொண்டிருக்கினம்" என்றேன். மூன்றாம் தடவை அடித்தபோது அழுகைச் சத்தம் இல்லை.

"பிள்ளை அழுகிறதை நிப்பாட்டிட்டுது. அது நல்லதோ கெட்டதோ தெரியேல்லை" என்றார்.

பட்டியலில் கண்ணில் பட்ட அடுத்த இலக்கத்துக்கு அடித்தேன். லாண்டெக் என்ற ஊரில் ஒரு கராஜ், அடிமட்டக் கணக்கில் தூரம். ஒரு பெண் எடுத்தாள். பெயர் ஹெல்கா. நாங்கள் பேசியது பாதி ஆங்கிலம், பாதி என்னுடைய உடைந்த ஜெர்மன். இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"மற்றப் பக்கத்தால ஆரை அனுப்பினனீர்? அது சில்வ்ரெட்டா மலைப்பாதை. பனிக்காலம் முழுக்கப் பூட்டு. அவன் ஆர்ல்பெர்க்கைச் சுத்தி, எங்கட ஊருக்குக் கிட்ட வந்துதான் உள்ளுக்குத் திரும்பவேணும். சனிக்கிழமை நெரிசலில பின்னேரம்தான் போய்ச் சேருவான். பாதை திறந்திருக்கோ எண்டு கேட்டனீரோ?"

"கேட்கேல்லை."

"சரி. காரில இருந்து பார்த்தா ஒரு சின்னச் சேர்ச் தெரியுதோ எண்டு கேளும்."

கேட்டேன். தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்த வீட்டுக்காரருக்கு அவளே அடித்தாள். கால் மணித்தியாலத்தில் அவர் உழவு இயந்திரத்தோடு போய், தாயையும் பிள்ளையையும் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, களைத்து நித்திரையாகியிருந்தது. நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

என்னை உறுத்தியது இதுதான். அந்த அறையில் பன்னிரண்டு பேர். பாதை பூட்டுவது என்றால் என்னவென்று உடம்பால் அறிந்தவன் நான் ஒருவன்தான். யாழ்ப்பாணத்துக்கு ஒரே ஒரு தரைப்பாதை, அது பூட்டினால் அரிசி இல்லை, மருந்து இல்லை, கடிதம் இல்லை. "பாதை திறந்திட்டாங்களோ?" என்பதுதான் எங்கள் சனம் காலையில் முதல் கேட்கிற கேள்வி. அப்படிப்பட்ட நான் அடிமட்டத்தை நம்பினேன்.

திங்கட்கிழமை மேலாளர் பென்ட் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்ற முடிவோடு போனேன்.

"உம்மட ஊரில மலை இருக்கோ?"

"இல்லை. தட்டை."

"எங்கட ஊரிலயும் இல்லை. நாங்கள் மலை எண்டு சொல்லுறதில ஏற எனக்குச் சப்பாத்துக்கூடத் தேவையில்லை." அடிமட்டத்தை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் போட்டார். "இனிச் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அந்த மனுசிக்கு அடியும். எது பூட்டு, எது திறப்பு எண்டு கேட்டு எங்களுக்குச் சொல்லும்."

2. நாலு திசை

இப்படித்தான் நான் பார்த்தேயிராத ஓர் ஊரை வருடக்கணக்காகப் படித்தேன். ஹெல்கா பொறுமைசாலி இல்லை. ஆனால் ஊரைப் பற்றி என்றால் நிறுத்தமாட்டாள்.

"பாலத்தில நிண்டு தண்ணி போற பக்கம் பாரும். இன் ஆறு தெற்கால, சுவிஸ் பக்கமிருந்து வருது. மேற்கால சன்னா வந்து அதோட சேருது. ரெண்டும் சேர்ந்து கிழக்கே இன்ஸ்புருக்குக்குப் போகுது. தண்ணி வெட்டின வழியிலதான் பாதையும் போகும். வேற வழி மலை விடாது."

மேற்கே போனால் ஆர்ல்பெர்க் கணவாய். தெற்கே போனால் ரெஷ்ஷன் கணவாய், அதற்கப்பால் இத்தாலி. கிழக்கே போய் வடக்கே திரும்பினால் ஜெர்மனி. ரோமர்கள் படை நடத்திய பாதை அது. பிறகு உப்பு வண்டிகள் மேற்கே போயின. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க மேலே ஒரு கோட்டை. ஆற்றின் இரு கரையிலும் இரண்டு கிராமங்கள் தனித்தனியாக இருந்து, பிறகு ஒரே ஊராகின. ரயில் வந்தது. ஊருக்குத் தெற்கே ஒரு பாலத்தடியில் ஊரவர்கள் மலையிலிருந்து கல்லையும் மரக்குற்றியையும் உருட்டிவிட்டு, வந்த படையைத் திருப்பியனுப்பிய கதையை அவள் நேற்று நடந்ததுபோலச் சொல்லுவாள்.

"சந்தி எண்டா உப்பும் வரும், பட்டாளமும் வரும்" என்றாள் ஒருநாள். "எல்லாரும் வருவினம். ஒருத்தரும் நிக்கமாட்டினம்."

இந்த அறிவு வேலைக்கு உதவியது. கைத்தொலைபேசி இடம் காட்டாத காலம். ஒரு வயதானவர் இத்தாலிக்குப் போகிறேன், நடுவழியில் நிற்கிறேன், எங்கே என்று தெரியாது என்பார்.

"ஆறு தெரியுதோ? தண்ணி உங்களுக்கு எதிரா வருதோ, கூடப் போகுதோ?"

"எதிரா வருது."

"ஊருக்குள்ளால வரேக்க கோட்டைக்குக் கீழால வந்தனீங்களோ?"

"கோட்டையே காணேல்லையே."

"அப்ப நீங்கள் இத்தாலிக்குப் போகேல்லை. ஆர்ல்பெர்க் பக்கம் போறியள்."

பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். ஓகூஸிலே என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

3. உம்மட பாதை

இரண்டாவது வருடமாக இருக்கலாம். ஒருநாள் ஹெல்கா கணவாய்களைச் சொல்லி முடித்துவிட்டு, "உம்மட ஊர்ப்பாதை எப்பிடி?" என்றாள்.

"பூட்டு."

"பனியோ?"

"இல்லை. சண்டை."

அவள் ஊரின் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு சனியும் ஒரே ஒழுங்கு: சில்வ்ரெட்டா பூட்டு, ஆர்ல்பெர்க் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டால் போகலாம், ரெஷ்ஷன் திறப்பு. "உம்மட?" பூட்டு என்பேன். இடையில் ஒருமுறை திறந்தது, பிறகு பூட்டியது. இரண்டையும் சொன்னேன்.

என் வாழ்க்கையில் கிழமைக்கு ஒருமுறை என்னிடம் ஊரைப் பற்றிக் கேட்ட ஆள் அவள் ஒருத்திதான். கலியாணம் சரிவரவில்லை, அதை இங்கே நீட்டவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம், கோவில், கொண்டாட்டம் எல்லாம் சனிக்கிழமையில்தான், எனக்கோ சனி வேலை. நாலு தடவை வராதவனை ஐந்தாம் தடவை யாரும் கூப்பிடுவதில்லை. அவர்களில் பிழையில்லை.

பாதை இரண்டாம் முறை பூட்டிக் கிடந்தபோது அம்மா செத்துப்போனா. தங்கச்சி சோதி ஒருத்தியாக நின்று எல்லாம் செய்தாள். எனக்குப் போக வழி கிடைக்கவில்லை. செய்தி வந்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வேலைக்குப் போனேன், வீட்டில் இருந்து என்ன செய்வது?

"உம்மட?" என்றாள் ஹெல்கா.

"பூட்டு" என்றேன். அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் சண்டை முடிந்து பாதை திறந்தது. அந்தச் சனி அதை நான் சொன்னபோது ஹெல்கா கராஜுக்குள் திரும்பி யாருக்கோ சத்தமாகச் சொன்னது கேட்டது. "இனிப் போவீர்தானே?" என்றாள். "ஓம், போவன்" என்றேன்.

போகவில்லை. சோதி ஒவ்வொரு வருடமும் கேட்டாள். "அண்ணை, பாதை திறந்துதானே கிடக்கு. எப்ப வாறாய்?" பனிக்காலத்தில் லீவு இல்லை என்பேன், வெயில் காலத்தில் ஆள் குறைவு என்பேன். எல்லாம் சாட்டு. அம்மாவைத் தூக்க நான் நிற்கவில்லை. அந்த வீட்டுப் படலையைத் திறக்க எனக்கு முகமில்லை.

4. திரை

பிறகு திரை வந்தது. நின்ற கார் எங்கே நிற்கிறது என்று தானே புள்ளி போட்டுக் காட்டும். பூட்டிய பாதை சிவப்பு, திறந்தது பச்சை. லாண்டெக்கைச் சுற்றிச் சுரங்கப்பாதையும் முன்னமே வந்துவிட்டபடியால் கார்க்காரர்கள் ஊரைக் காணாமலே போனார்கள். பென்ட் வேலையிலிருந்து இளைப்பாறினார். புதிய மேலாளர், நல்ல பெண்தான், ஒன்பது மணித் தொலைபேசி இனித் தேவையில்லை என்றார். பன்னிரண்டு கதிரை நாலாகியது, பிறகு ஆஸ்திரியாப் பக்கத்துக்கு நான் ஒருவன்தான்.

ஹெல்காவுக்கு நான் சும்மாவாவது அடித்திருக்கலாம். என்ன சாட்டுச் சொல்லி அடிப்பது? எங்களுக்குள் பாதையைத் தவிர வேறு பேச்சே இருந்ததில்லை. ஒரு சனி விட்டேன், அடுத்த சனியும் விட்டேன். பத்து வருடம் போய்விட்டது. நான் இளைப்பாறிய அன்று பிரியாவிடைக்குக் கேக் வெட்டி, பூ தந்து, இரண்டு மணிக்கு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

5. பலகை

போன பெப்ரவரி, ஏழாம் கிழமையில், ரயிலேறி லாண்டெக்குக்குப் போனேன். ஒருவரையும் கேட்காமல் பாலத்துக்குப் போனேன். தண்ணி போகிற பக்கம் பார்த்தேன். எல்லாம் அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. மலை இவ்வளவு கிட்ட நிற்கும் என்று மட்டும் நான் நினைத்திருக்கவில்லை.

கராஜில் ஓர் இளம் மெக்கானிக். ஹெல்கா இளைப்பாறி, கிராட்ஸ் நகரில் அக்காவோடு இருக்கிறா என்றான். அவனுக்குப் பின்னால் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. கணவாய்களின் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்போ பச்சையோ ஒரு காந்தப் பொட்டு. ஆர்ல்பெர்க் பச்சை. ரெஷ்ஷன் பச்சை. சில்வ்ரெட்டா சிவப்பு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் யாழ்ப்பாணம். பச்சை.

நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவன் சொன்னான்: "அது எந்தக் கணவாய் எண்டு எங்களுக்குத் தெரியாது. ஹெல்கா பச்சை போட்டிட்டு, இதில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டுப் போனவ."

அவளுடைய இலக்கத்தை அவனிடம் வாங்கி, அங்கேயே நின்று அடித்தேன். பெயரைச் சொல்ல முதலே குரலைப் பிடித்துவிட்டாள்.

"எங்க நிக்கிறீர்?"

"பலகைக்கு முன்னால."

"ஊருக்குப் போனனீரோ?"

"இல்லை." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா போனதை, அந்தச் சனி சொல்லாமல் விட்டதை, பாதை திறந்தும் போகாமல் இருந்ததை.

"அங்க இப்ப ஆர் இருக்கினம்?"

"தங்கச்சி."

"பலகையில என்ன நிறம்?"

"பச்சை."

"அப்ப ஏன் லாண்டெக்கில நிக்கிறீர்?" என்றாள் ஹெல்கா.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. தூரத்தை அளக்க முதல் பாதை பூட்டோ திறப்போ என்று கேளுங்கள். திறப்பு என்றால் காத்திருக்காதீர்கள். அன்று பின்னேரம் ரயிலில் இருந்தே சோதிக்கு அடித்தேன், சித்திரையில் வாறன் என்று. அவள் அழவில்லை, ஏசவுமில்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸிலா ரயிலிலா வாறாய் என்று மட்டும் கேட்டாள். ஆயிரம் கார்களுக்கு வழி சொன்ன எனக்கு, என் ஊருக்கு வழி சொல்லத் தெரியவில்லை.