பாண்டிச்செல்வி மாட்டாத மூன்று டயர்கள்

ஏழு அங்குலம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எண்களை மறந்தாலும் குடி முழுகிவிடாது. டென்னிஸ் வாங்கி வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் ரிம், கம்பெனியிலிருந்து வரும்போதே, அவ்வளவுதான் அகலம்.

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் ரோட்டில், திருத்தங்கல் தாண்டியதும் இடது கைப்பக்கம் ஒரு டயர் கடை இருக்கிறது. தொடங்கியவர் மாரிசாமி. நடத்துகிறவர் அவர் மனைவி பாண்டிச்செல்வி. இந்த வித்தியாசம் ஆறு வருஷமாகியும் ஊருக்கு விளங்கவில்லை. கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி, "அண்ணாச்சி இல்லையா?" என்பார்கள்.

"அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருக்காக. டயருன்னா எங்கிட்டச் சொல்லுங்க. டீயின்னா அவுகளப் பாருங்க" என்பார் பாண்டிச்செல்வி.

வயது நாற்பத்தொன்று. சொந்த ஊர் விஸ்வநத்தம். பதினோரு வருஷம் பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தவர். சங்க நோட்டீஸைக் கொடுத்தால் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போகிற ஆள் இல்லை. அங்கேயே நின்று படித்துவிட்டு, "மூணாவது கோரிக்கை போன வருசமும் இருந்துச்சே, என்ன செஞ்சீக?" என்று கேட்டவர்.

ஆலை நாலு மாதம் பூட்டிக் கிடந்த வருஷம், ஆலை வேன் ஓட்டிக்கொண்டிருந்த மாரிசாமி ஒரு பஞ்சர் கடை போட்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல் பாண்டிச்செல்வியும் வந்து உட்கார்ந்தார். முதல் வாரமே ஒரு டாக்டரின் அலாய் வீலை மாரிசாமி இரும்புக் கம்பியால் நெம்பி, சுத்தியலால் தட்டி, சுற்றிலும் கீறித் தள்ளினார். பாண்டிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. மருந்து அறையில் இரும்பை இரும்பில் தட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்த கை அது. மறுநாள் மரக்கட்டையும் பித்தளை நெம்புகோலும் கொண்டுவந்தார். சோப்புத் தண்ணீர் தடவி, மெல்ல அமுக்கி, சத்தமே இல்லாமல் டயரைக் கழற்றினார். அன்றோடு மாரிசாமி கல்லாப் பக்கம் போய்விட்டார். பாண்டிச்செல்வி கைபட்ட ரிம்மில் கீறல் விழாது என்ற பேச்சு சாத்தூர் வரை போயிற்று.

ஆலைப் பழக்கம் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. மருந்து அறைக்குள் நுழையும்முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். கடையில் தகடு ஏது? வாசலில் நட்டிருந்த இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். பார்த்தவர்கள் ஏதோ சாமி என்று நினைத்துத் தாங்களும் தொட்டுக் கும்பிட்டார்கள். மூன்றாம் வருஷம் யாரோ குங்குமமும் வைத்துவிட்டார்கள். பாண்டிச்செல்வி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

இப்படி எல்லாம் இருந்தும் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. 'பஞ்சர்' என்று சுண்ணாம்பால் எழுதிய பழைய டயர் ஒன்று, அவ்வளவுதான். ஒரு டயர் கம்பெனியின் பலகை வர வேண்டும், அதில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மதுரையிலிருந்து வரும் கம்பெனி ஆள் செழியனிடம் மூன்று முறை விண்ணப்பம் கொடுத்தார். மூன்று முறையும் 'மாரிசாமி டயர்ஸ்' என்று திருத்தித் திரும்பி வந்தது. மூன்று முறையும் கிழித்துப் போட்டார்.

இந்த நேரத்தில்தான் சிவப்புக் கார் வந்தது.

டென்னிஸ் சாட்சியாபுரத்துக்காரர், கப்பலில் என்ஜினியர். லீவில் வந்தவர் கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிய காரை ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். இரண்டே சீட். மனைவி ஜாஸ்பின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூடவே வந்து இறங்கியவர் பாண்டிச்செல்வியிடம், "எங்க அத்தைய உக்கார வைக்க இடமில்லன்னுதான்க்கா இந்தக் காருக்கு நான் சரின்னேன்" என்றார்.

டென்னிஸ் அதைக் காதில் வாங்காமல் வாசல் குழாயைத் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டார்.

"தம்பி, அது வெறும் குழாயி."

"இருக்கட்டும்க்கா. எதுக்கும்."

பின்னாலேயே செழியன் தன் வேனில் நான்கு புது டயர்களோடு வந்து சேர்ந்தார். அகலம் இருநூற்று நாற்பத்தைந்து. காரில் இருந்தவை இருநூற்றுப் பதினைந்து. மில்லிமீட்டர் கணக்கு. அகலமான டயர் போட்டால் கார் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், பார்க்கவும் புலி மாதிரி இருக்கும் என்று செழியன்தான் போனில் சொல்லி விற்றிருந்தார்.

வந்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கம்பெனியின் பலகை விண்ணப்பம். 'பாண்டிச்செல்வி டயர்ஸ்' என்று அச்சடித்திருந்தது.

"உங்க பேருதான்க்கா. மேனேஜர் ஒத்துக்கிட்டாரு. இந்தக் காருல நம்ம டயர நீங்க மாட்டுற மாதிரி ஒரு போட்டோ வேணும். சாயங்காலத்துக்குள்ள அனுப்பிட்டா கையெழுத்துப் போட்டுருவாரு."

பாண்டிச்செல்வி தாளை இரண்டு முறை படித்தார். எழுத்துப் பிழை இல்லை. மாரிசாமிக்கு வாயெல்லாம் பல்.

காரை ஜாக்கியில் ஏற்றி முன்சக்கரத்தைக் கழற்றினார் பாண்டிச்செல்வி. ரிம்மின் உள்பக்கத்தில் பொறித்திருந்த அகலத்தைப் பார்த்தார். ஏழு. புது டயரைப் பார்த்தார். மறுபடி ரிம்மைப் பார்த்தார்.

"சார், இது இதுக்கு ஆகாது."

"ஏன்? ஏறாதா?"

"ஏறும். ஏறுறது வேற, ஓடுறது வேற. இந்த வாயி ஏழு அங்குலம். இம்புட்டு அகல டயர இதுல மாட்டுனா ரெண்டு கரையையும் இழுத்துப் பிடிக்கும். வயிறு ரெண்டு பக்கமும் பிதுங்கும். நடுமுதுகுதான் ரோட்டுல படும். கவ்விப் பிடிக்கவா? நழுவத்தான் செய்யும். உள்பக்கம் ஷாக் அப்சார்பர்ல உரசும் வேற."

செழியன் சிரித்தார். "அக்கா, நான் இந்தத் தொழில்ல ஒம்பது வருசம்."

"நான் புஸ்வாணத்துல பதினொண்ணு சார். வாயி சின்னது, வயிறு பெருசுன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

மாரிசாமி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏ செல்வி, அவரு காரு, இவரு டயரு. நமக்கென்ன? மாட்டிவிட்டுட்டு போட்டோவுக்கு நில்லு. பேரு வந்துருச்சுல்ல?"

பேர் வந்துவிட்டதுதான். அதுதான் நெஞ்சில் உறுத்தியது. மூன்று முறை கிழித்த தாள், இப்போது பிழையில்லாமல் கையில் இருக்கிறது. பாண்டிச்செல்வி அதை மடித்துக் கல்லா மேல் வைத்து, டயர் நெம்புகோலைப் பாரமாகத் தூக்கி வைத்தார்.

"ஒரு டயர மாட்டுறேன். ஒண்ணே ஒண்ணு. உரசலைன்னா மீதி மூணையும் மாட்டி, பல்லக் காட்டிக்கிட்டு போட்டோவுக்கும் நிக்கேன். உரசுச்சுன்னா மூணையும் நான் தொட மாட்டேன். தம்பி, சம்மதமா?"

டென்னிஸுக்கு இதில் ஒரு விளையாட்டு தெரிந்தது. "சம்மதம்க்கா."

டயர் ஏறியது. ஒரு கீறல் இல்லை. ஆனால் பிதுங்கல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஜாஸ்பின், "கன்னத்துல அம்மைக்கட்டு வந்த பிள்ளை மாதிரி இருக்கு" என்றார்.

பாண்டிச்செல்வி ஒரு கை களிமண்ணைப் பிசைந்தார். புஸ்வாணத்தின் அடியை அடைக்க எந்தப் பதத்தில் பிசைவார்களோ அந்தப் பதம். அதைச் சக்கரத்தின் உள்பக்கம், ஷாக் அப்சார்பர் மேல் கட்டைவிரல் தடிமனுக்கு அப்பினார். டயரின் மேல் குறுக்கே சாக்பீஸால் பட்டையாக ஒரு கோடு. சக்கரத்தை மாட்டி, காரை இறக்கினார்.

"தம்பி, கடைக்கு முன்னால உள்ள எடத்துலயே மெல்லமா உருட்டுங்க. ஸ்டீரிங்க அந்தக் கடைசி, இந்தக் கடைசி ஒடிச்சு மூணு சுத்து."

கார் சுற்றியது. செழியன் போனில் எதையோ பார்ப்பது போல நின்றார். மாரிசாமி குழாயைத் தொட்டுக்கொண்டு நின்றார். தான் கும்பிடுவது அவருக்கே தெரியாது. பாண்டிச்செல்வி கல்லாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு இளகும்.

கார் நின்றது. சாக்பீஸ் கோடு நடுவில் நாலு விரலுக்கு அழிந்திருந்தது. இரண்டு ஓரமும் பளிச்சென்று வெள்ளை. ரோட்டைத் தொட்டதே நடுமுதுகு மட்டும்தான். சக்கரத்தைக் கழற்றினார்கள். களிமண் வழித்தெடுத்த மாதிரி டயரின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஷாக் அப்சார்பர் மேல் மிஞ்சியது காகிதத் தடிமன்.

"மூணு சுத்துக்கே இந்தக் கதி" என்றார் பாண்டிச்செல்வி. "கொடைக்கானல் வளைவுல நெனச்சுப் பாருங்க."

டென்னிஸ் குனிந்து களிமண்ணை விரலால் தொட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கப்பல் என்ஜினியர் வந்துவிட்டார்.

"செழியன் சார், எந்த டயருக்கு எந்த ரிம்முன்னு உங்க கம்பெனி ஒரு புக்கு போட்டிருக்குமே?"

"இருக்கு… வேன்ல இருக்கு."

"எடுங்க, பாப்போம்."

புத்தகம் கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது. ஜாஸ்பின் நகத்தால் கிழித்துப் பிரித்தார். இருநூற்று நாற்பத்தைந்துக்கு நேரே போட்டிருந்தது: ரிம் குறைந்தது எட்டு அங்குலம். இருநூற்று இருபத்தைந்துக்கு நேரே: ஏழு முதல் எட்டரை.

செழியன் அயோக்கியர் இல்லை. தேங்கிப்போன சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தவர், அவ்வளவுதான். அவருக்கும் மேலே ஒருவர் டார்கெட் வைத்து விரட்டுகிறார். காது சிவந்து நின்றார். பிறகு எல்லார் எதிரிலும் மேனேஜருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அந்த வகையில் நேர்மையான ஆள். ஸ்பீக்கரில் மேனேஜர் கத்தியது ரோடு வரை கேட்டது.

"எட்டங்குல டயர ஏழுல மாட்டி, அத போட்டோ எடுத்து எனக்கே அனுப்பப் பாத்தியா? மாட்ட மாட்டேன்னது யாரு?"

"கடைக்கார அம்மா சார். பாண்டிச்செல்வி."

"மாட்டின டயர் உன் கணக்கு. அந்த அம்மா பேர்ல போர்டு போட்டுட்டு வா."

இருநூற்று இருபத்தைந்து அகலத்தில் நான்கு டயர்கள் மதியப் பஸ்ஸில் மதுரையிலிருந்து வந்தன. கண்டக்டரே இறக்கிப் போட்டுவிட்டுப் போனார். பாண்டிச்செல்வி மாட்டினார். களிமண் அப்பியது அப்பியபடி நின்றது. சாக்பீஸ் கோடு ஓரம் முதல் ஓரம் வரை அழிந்தது. ஜாஸ்பின்தான் போட்டோ எடுத்தார். "அக்கா, சிரிங்க" என்றதற்கு, "வேலை பாக்கும்போது எவ சிரிப்பா?" என்றார் பாண்டிச்செல்வி. அந்த முறைப்போடுதான் படம் மதுரைக்குப் போனது.

கிளம்புமுன் செழியன் சுவரை அளந்தார்.

"கம்பெனி போர்டு எட்டு அடிதான்க்கா. உங்க பேரு நீளம். பி.எஸ். டயர்ஸ்னு சுருக்கிக்கிடலாமா?"

"சுருக்குனா அது யாரு பேரு? பால்ச்சாமின்னு ஒருத்தன் கடை வச்சாலும் பி.எஸ்.தான். முழுசா எழுதுங்க. ரோட்டுல போற லாரிக்காரன் ஓட்டிக்கிட்டே படிக்கணும்."

"அப்ப எம்புட்டு நீளம் போடச் சொல்ல?"

பாண்டிச்செல்வி டேப்பை வாங்கினார். ஒரு நுனியை மாரிசாமியிடம் கொடுத்து இந்த மூலைக்கு அனுப்பிவிட்டு, அந்த மூலை வரை தானே இழுத்துக்கொண்டு போய்ப் படித்தார்.

பன்னிரண்டு அடி.