அப்பாவைக் கூப்பிடாதேயும்

சங்கரன்கோவிலில் எங்கள் சபையின் கன்வென்ஷன் வருகிறதென்றால் மற்றப் பிள்ளைகளுக்கு ஐஸ் வண்டி ஞாபகம் வரும். எனக்குப் பயம்தான் வரும். கடைசி நாள் பகல் கூட்டத்தில் பிரசங்கியார், "ஆண்டவர் யாரை ஊழியத்துக்கு அழைக்கிறாரோ அவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்பார். போன வருஷம் அப்படி எழுந்து நின்ற சித்தப்பா இப்போது குடும்பத்தோடு ஒரிசாவில் ஏதோ ஒரு காட்டுக்குள் ஊழியம் செய்துகொண்டிருந்தார். "இங்க புளி கிடைக்காது, பேச ஆளும் கிடையாது" என்று அவர் மகள் இன்லண்ட் கடிதத்தில் எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகு அப்பா நூல் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ஜெபிக்கத் தொடங்கினார். அடுத்தது அவர்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. "ஆண்டவரே, அப்பாவைக் கூப்பிடாதேயும்" என்று நானும் விடாமல் ஜெபித்தேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு விதமான விண்ணப்பம் வந்தால் ஆண்டவர்தான் என்ன செய்வார், பாவம்!

பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் போகலாம். பிரசங்கம் முடியப்போகும் நேரத்தில் அம்மா, தூங்கிவிட்ட தம்பியை என் தோளில் போட்டாள்.

"அப்பா மடியில கிடத்திட்டு நீயும் அங்கனயே இரு மக்கா."

அம்மாவுக்கும் என் பயம்தான் என்று புரிந்துகொண்டேன். அவள் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது. தூங்குகிற பிள்ளையைக் கீழே போட்டுவிட்டு எந்த மனுஷன் எழுந்திருப்பான்?

அழைப்பு வந்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் அப்பாவின் வேட்டி நுனிமேல் உட்கார்ந்துகொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முழங்கால் அசைந்தபோது வேட்டியை இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். தம்பி சிணுங்கினான். அப்பா அவனைத் தட்டிக்கொடுத்தார், அப்படியே இருந்துவிட்டார்.

ஜெயித்த சந்தோஷத்தில் அம்மாவைத் தேடினேன். பெண்கள் பக்கம் எல்லாரும் உட்கார்ந்திருக்க, முக்காடு போட்ட ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அது அம்மா.

வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அப்பா வாய் திறந்தார்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட?"

அம்மா சுவரோரம் உட்கார்ந்தாள். "கூப்பிட்டது கேட்டுச்சு. கேட்ட பெறகு எப்படிப் பேசாம இருக்கது?"

"உன்னயவா கூப்பிட்டாரு?"

"எனக்கும் அந்தச் சந்தேகம்தான். இம்புட்டு நாளா உங்களத்தான்னு நெனச்சேன். இல்ல, என்னயத்தான்."

அப்பா தம்பியை அவள் மடியில் கிடத்தினார். சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது.

அம்மா எங்கும் போகவில்லை. பிரசங்கியார் விசாரித்து அனுப்பிய கார்டுக்கு அப்பாவே பதில் எழுதிப் போட்டார். அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில், எங்களை எங்கும் அனுப்பாததற்காக நான் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன். பக்கத்தில் முழங்காலில் இருந்த அம்மா தேம்பி அழுதாள். அவளும் அதற்காகத்தான் நன்றி சொல்கிறாள் என்று நினைத்து, அவளுக்கும் சேர்த்து ஆமென் சொன்னேன்.