இரண்டு இடத்தில் சேவ் செய்யச் சொன்ன நாகூர் கனி

பட்டாசு கம்பெனி விபத்தில் காமராஜுக்கு வலது கைப் பெருவிரல் போயிற்று. காயம் ஆறி அவன் மறுபடி கேம் ஆட வந்த அன்று, கடைக்காரர் நாகூர் கனி ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து, சுடுகிற பொத்தானின் வயரை இடது பக்கத்துக்கு மாற்றிப் பற்றவைத்து, அவன் முன்னால் வைத்தார். எதிர்க்கடையிலிருந்து நான் பார்த்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இது நமக்குத் தோன்றவில்லையே என்று வயிறுதான் எரிந்தது.

சிவகாசியில் எங்கள் தெருவில் அப்போது இரண்டு கேம் கடைகள். ஒன்று அவருடையது. இன்னொன்று, என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்ட இரண்டு டிவியோடு நான் நடத்தியது. மழை பெய்தால் வெடி வேலை கிடையாது. அன்றைக்கு ஆட்கள் கேம் ஆட வருவார்கள். முதலில் அவர் கடை நிறையும். அங்கே இடமில்லாதவர்கள்தான் என்னிடம் வருவார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் கடையில் யாரும் ஆட்டத்துக்குள் வழியில்லாமல் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

“நேத்துள்ளதை அழிக்காதலே. இன்னிக்குள்ளதை வேற இடத்துல சேவ் பண்ணு” என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். கேமை உருவாக்குகிறவர்களே இதையெல்லாம் யோசிப்பார்களாம். பள்ளத்தில் விழுந்தால் ஏறி வர ஏணி வைப்பார்கள். குண்டு தீர்ந்தால் இன்னொரு பெட்டி வைப்பார்கள். ‘இந்தக் கதவைத் தாண்டினால் திரும்ப முடியாது’ என்று எழுதிக் காட்டுவார்கள். அவர்கள் மறந்துபோன இடத்தில் கடைக்காரன்தான் காப்பாற்ற வேண்டும் என்பார்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆட்டம் பதிவாகும் மெமரி கார்டில் பதினைந்து இடந்தானே என்று ஆளுக்கு ஒன்று என்று சட்டம் போட்டிருந்தேன். அச்சாபீஸில் வேலை பார்த்த முத்துப்பாண்டி என் கடையிலேயே நாற்பது நாள் ஒரு கேமை ஆடினான். ஒருநாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“பின்னால கதவு சாத்திக்கிடுச்சுக்கா. கையில சாவியும் இல்ல, குண்டும் இல்ல. அங்கனயே சேவ் பண்ணித் தொலைச்சிட்டேன்.”

“அணைச்சுப் போட்டுப் பாரேன்.”

“எம்புட்டுத் தடவை போட்டாலும் அதே ரூம்புதான். பாய் கடையில ஆடியிருந்தா முந்தின நாளுக்குப் போயிருப்பேன்.”

மறுநாள் அவன் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தான். அவனோடு இன்னும் மூன்று பேர். எனக்கு மிஞ்சியது ஐந்து பேர். அவர்களும் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் முன்னால் நின்று, வாய்விட்டே கேட்டேன். “ஆத்தா, எதிர்க்கடைக்காரன் கடையிலயும் ஒருத்தன் மாட்டணும்.” திருநீறு பூசும்போது கை கூசியது. ஆனாலும் கேட்டதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அச்சாபீஸ்களில் மெஷினுக்கு வைப்பதுபோல டிவிக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். அவருக்கு இல்லாத அருள் எனக்கு இருக்கட்டும் என்று, மெமரி கார்டின் பித்தளைப் பல்லிலும் குழைத்துப் பூசினேன். மறுநாள் கார்டு வேலை செய்யவில்லை. ஐந்து பேருடைய ஆட்டமும் காணோம்.

“என்னக்கா, எங்க ஆட்டத்தையெல்லாம் ஆத்தாளுக்கே படைச்சிட்டீகளா?” என்று ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டு நாகூர் கனி தெருவைத் தாண்டி வந்தார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, பல் பல்லாகத் துடைத்தார். ஐந்து ஆட்டமும் திரும்ப வந்தன. போகும்போது புதுக் கார்டு ஒன்றை வைத்தார். “ரெண்டாவது இடத்துக்கு இதை வச்சுக்கோங்கக்கா” என்றார். ஐந்து பேரும் என் கடையிலேயே தங்கினார்கள். அவர் தயவில் தங்கினார்கள் என்பது அவர்கள் போயிருந்தால் வலித்திருப்பதைவிட அதிகமாக வலித்தது.

2008-ல் அவர் கடையைக் காலி செய்து சென்னைக்கு மச்சான் கடைக்குப் புறப்பட்டார். டிவிகளை வண்டியில் ஏற்றும்போது போய் நின்றேன். மனசு கேட்கவில்லை. கோயிலில் நான் கேட்டதைச் சொல்லிவிட்டேன்.

கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டார். முடிச்சுப் போட்டு முடித்தபின் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒங்க ஆத்தாவுக்குக் காது நல்லாத்தேன் கேக்குதுக்கா. அந்த வருச மழையில நானே ஒரு ஆட்டத்துல மாட்டுனேன். ரெண்டு இடத்துலயும், கதவு சாத்துன அதே ரூம்புக்குள்ள வச்சே சேவ் பண்ணியிருக்கேன். முத்துப்பாண்டிகிட்ட மட்டும் சொல்லிராதீக.”