புளிக்காத மகரந்தம்

என் வளவின் வேலியோரம் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தேன். வேலிக்கு அப்பால் அயலவரின் பூசணித் தோட்டம். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கற்பிட்டியின் மணலிலும் எதையும் விளைவித்துக் காட்டுபவர் அவர். என் ஈக்கள் அவருடைய பூக்களை நாடும். அவருடைய காய்களில் ஒன்றிரண்டு என் அடுக்களையை நாடும். எழுதிவைக்காத உடன்படிக்கை அது.

சென்ற போகத்தில் பூசணி இலைகளிற் சாம்பல் தூவினாற்போல் வெண்பூஞ்சணம் படர்ந்தது. அயலவர் ஒரு மருந்துப் போத்தலுடன் வந்தார்.

"சேர், இது ஒங்கட ஈயளுக்கு ஒண்டும் செய்யாதுதானே? வாசிச்சுச் சொல்லுங்க. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இரிக்கி."

மூக்குக்கண்ணாடியை அணிந்து முன்பக்கத்தை மட்டும் வாசித்தேன்.

"இது பூஞ்சணத்தக் கொல்லுற மருந்து, தம்பி. தேனீ பூச்சியினம். பயப்படாமத் தெளியுங்க."

பல்லாண்டு ஆசிரியனாய் வகுப்பறையிற் பழகிய குரலில் நான் வழங்கிய தீர்ப்பு அது. அவர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்.

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் மருந்து தெளிப்பதே இக்கரையின் வழக்கம். வெயில் ஏறினாற் காற்று எழுந்து மருந்தைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். பூசணிப்பூ விரிவதும் ஈக்கள் அதனுள் இறங்குவதும் அதே வேளைதான் என்பதை நாங்கள் இருவரும் எண்ணிப்பார்க்கவில்லை. ஓர் ஈயும் செத்து விழாததால், என் தீர்ப்பைக் குறித்து எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

மூன்று வாரத்தில் ஒரு பெட்டி வெறுமையாயிற்று. நம் நாட்டுத் தேனீ உணவு சரியில்லையென்றால் சொல்லாமற் குடிபெயரும் இயல்பினது. மற்றப் பெட்டியைப் பதற்றத்துடன் திறந்தேன். அரசி இருந்தது, ஈக்குஞ்சுகளான புழுக்களோ அரிதாக இருந்தன. அறைகளிற் சேமித்த மகரந்தம் காய்ந்த மாவாக உதிர்ந்தது. இந்தக் குடியும் போய்விடுமோ என்று கலங்கி, விவசாயப் போதனாசிரியரை அழைத்தேன். அவர் என் மகள் வயதுடைய பெண். பூசணிக்குத் தெளித்த மருந்தைப் பற்றிக் கேட்டறிந்து, மகரந்தத்தைக் குச்சியால் தோண்டி முகர்ந்து பார்த்தார்.

"புளிப்பு மணமே இல்ல, சேர். தேனீ மகரந்தத்தத் தேனோட குழைச்சு, அறைக்குள்ள அமத்திப் புளிக்க வைக்கும். அதத் திண்டுதான் புழு வளர்க்கிற பாலச் சுரக்கும். புளிக்க வைக்கிறது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். அதுல பூஞ்சண இனமும் இரிக்கி. இலையில உள்ளது எது, கூட்டுக்குள்ள உள்ளது எது எண்டு மருந்துக்குத் தெரியுமா? இது மட்டுந்தான் காரணம் எண்டு சத்தியம் பண்ண மாட்டன். ஆனா எனக்குச் சந்தேகம் இதுலதான்."

வேலிக்கு அப்பால் நின்று கேட்டிருந்த அயலவரின் மனைவி சிரித்துவிட்டார்.

"அப்ப ஈஸ்டச் சாகடிச்சுட்டு அப்பத்துக்கு மா கரைச்ச கதைதான்!" என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். "இஞ்சேருங்க, நான் அப்பிடி அப்பம் சுட்டுத் தந்தா நீங்களும் ஊட்ட விட்டு ஓடியிருப்பீங்க. ஈ ஓடினதுல என்ன புதினம்?"

"எனக்கு ஏன் ஏசுற? சேர்தானே மருந்தடிக்கச் சொன்ன!"

அயலவரிடம் போத்தலை வாங்கித் திருப்பி இப்போது பின்பக்கத்தை வாசித்தேன். பூக்கும் பயிரில் ஈக்கள் நடமாடும் வேளை தெளிக்க வேண்டாம் என்று, அந்த எறும்பெழுத்திலேயே, தெளிவாக எழுதியிருந்தது. "பிழை என்னுடையதுதான்" என்று நால்வர் நடுவே ஒப்புக்கொண்டேன். போதனாசிரியர் நாகரிகமாக வேறுபக்கம் பார்த்தார். அயலவர் அவ்வளவு நாகரிகம் காட்டவில்லை.

அன்றிலிருந்து நோயுற்ற இலைகளைக் கிள்ளியெறிந்தோம். தவிர்க்க இயலாதபோது மட்டும், பூக்கள் மூடி, காற்றும் தணிந்தபின், அந்தி மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னர் அவர் மருந்து தெளித்தார். நான் பழைய மகரந்தம் நிறைந்த அடைகளை வெட்டியகற்றிச் சீனிப்பாகு வைத்தேன். நாள்தோறும் காலையில் வேலிக்கு மேலால் ஒரு தலை தோன்றும்.

"சேர், பெட்டிக்குள்ள ஆக்கள் இரிக்காங்களா?"

"ஓம், இன்னும் இரிக்காங்க."

புதுப்பூக்களின் மகரந்தம் வந்து சேர இரண்டு வாரம் பொறுத்துப் பெட்டியைத் திறந்தேன். அறைகள் ஈரமாய் மினுங்கின. நடுவே வெண்புழுக்கள் நெருங்கிக் கிடந்தன. புளிப்பு மணம் உண்டா என்று அறியும் ஆவலில் முகத்தை அருகே கொண்டுசென்றேன். மணம் இருந்தது. அதை நன்கு நுகருமுன் காவல் ஈயொன்று என் மூக்கு நுனியிற் கொட்டிவிட்டது.

நான் அலறியதைக் கேட்டு அயலவர் ஓடிவந்தார். வீங்கும் மூக்கைப் பார்த்தார். புழு நிறைந்த அடையையும் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! ஊட்டுக்குக் காவல் போட்டுட்டாங்க. இனிப் போக மாட்டாங்க, சேர்!"