அக்கா கட்டிய சக்கரங்கள்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவரைச் சைக்கிள் கடையில்தான் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடைக்கு அவர் எப்படி வந்தார் என்பதைத் தங்கையாகிய நான் எழுதி வைக்க விரும்புகிறேன்.

அக்கா பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். மூத்தவரான அக்கா எட்டாம் வகுப்போடு நின்று நாற்றுப் பறிக்கப் போனதால்தான் நான் ஆசிரியர் பயிற்சி வரை படித்தேன். வேதாரண்யத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டபோது அக்காவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். பஞ்சர் ஒட்டக்கூடத் தெரியாது.

பல ஆண்டுகள் கழித்து அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. கடையை விற்றுவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். நானும் சொன்னேன். அக்கா மறுநாளே கடையைத் திறந்தார்.

பஞ்சர் ஒட்ட ஒரு வாரத்தில் பழகிவிட்டார். ஆனால் எங்கள் ஊரில் பஞ்சரை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. உப்பளத்துக்குப் போய்வரும் சைக்கிள்களில் முதலில் போவது சக்கரத்தின் வெளி வளையமான ரிம்தான். ஸ்போக் கம்பி மாட்டும் துளைகளைச் சுற்றித் துரு தின்றுவிடும். முழுச் சக்கரம் வாங்க உப்பளத் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாது. நடுவிலுள்ள ஹப் நன்றாக இருந்தால் ரிம்மை மட்டும் மாற்றலாம். அதற்குப் பின்சக்கரத்தின் நாற்பது ஸ்போக்கையும் கழற்றி, ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகப் போகும்படி மறுபடி கோக்க வேண்டும். அது அத்தானின் கைக்குத் தெரிந்த வேலை. வாயால் விளக்கிச் சொல்ல அவரால் முடியவில்லை.

நான்கு நாள் அக்கா மல்லுக்கட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள், எதையும் கலைக்காமலே மாற்ற ஒரு வழி கண்டார். அதே அளவுள்ள புது ரிம்மைப் பழையதன் பக்கத்தில் ஒட்டி வைத்து, துளைக்குத் துளை சரியாக நிறுத்தி, நாலு இடத்தில் கட்டினார். பிறகு ஒரு ஸ்போக்கைப் பழைய துளையிலிருந்து எடுத்துப் பக்கத்துப் புதுத் துளையில் மாட்டினார். இப்படி ஒவ்வொன்றாக நாற்பதும் மாறியதும் பழைய ரிம் தனியே கழன்று வந்தது. பிறகு சக்கரத்தைச் சுழற்றி, ஆடுகிற இடத்து ஸ்போக்கைப் பார்த்து முறுக்கிக் கோட்டம் எடுத்தார். அதைப் பார்த்து அத்தான் அழுதாராம். சந்தோஷத்திலா, தன்னால் முடியவில்லையே என்றா என்று கேட்டேன். "ரெண்டும்தான்டி" என்றார் அக்கா.

ஒரு புயலின்போது கடல் நீர் ஊருக்குள் புகுந்தது. நனைந்து கிடந்த சைக்கிள்கள் கடை வாசலில் குவிந்தன. எல்லோருக்கும் உடனே வேண்டும், புது ஸ்போக்கோ கிடைக்கவில்லை. அக்கா பழையவற்றையே துடைத்துப் போட்டுக் கொடுத்தார். அப்படிக் கட்டிய ஒரு சக்கரத்தோடுதான் மீன் விற்கும் பெரியவர் ஒருவர் பெட்டி பாரத்துடன் சாலையில் சாய்ந்தார். தோள் எலும்பு முறிந்தது. புயலில் பெயர்ந்த சாலைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் அப்படித்தான் நினைத்தார். விழுந்த சைக்கிள் பழுதுக்கு வந்தபோது அக்கா மட்டும் பார்த்தார். ஆறு ஸ்போக்குகள் ஹப்பில் மாட்டும் வளைவில் அற்றிருந்தன. அற்ற இடத்தில் உள்ளே வரை துரு.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் உடன் போனேன்.

"நீங்க பள்ளத்துல விழலங்க. நான் கட்டுன சக்கரம் உடைஞ்சுதான் விழுந்தீங்க. துருப்பிடிச்ச ஸ்போக்குன்னு தெரிஞ்சேதான் போட்டேன்" என்றார்.

பெரியவரின் மனைவி எழுந்து வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஏசினார். அக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் முதல் இரண்டு மாதம், விடிவதற்குள் கடற்கரைக்குப் போய், அவருடைய மீனை எடுத்து, அவருடைய வாடிக்கை வீடுகளுக்கு அக்காவே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து கடை திறந்தார். நாங்கள் எத்தனை முறை தடுத்தும் கேட்கவில்லை.

தோள் ஆறியதும் பெரியவர் அந்தச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேறு கடையில் கொடுங்கள் என்றார் அக்கா.

"அங்க உடைஞ்சா பள்ளத்தச் சொல்லிடுவாங்க. நீயே கட்டும்மா" என்றார் அவர்.

அதன் பிறகு துரு கண்ட ஸ்போக்கை அக்கா யார் கெஞ்சினாலும் போட்டதில்லை. பின்சக்கரம் எதுவானாலும் அரிசி மூட்டையைக் கட்டித் தாமே தெருக்கோடி வரை ஓட்டிப் பார்க்காமல் கொடுத்ததுமில்லை. ஆரம்பத்தில் சிரித்தார்கள். சிலர் நேரமாகிறது என்று வேறு கடைக்குப் போனார்கள். அக்கா அதற்காக வருந்தியதில்லை.

கடைசி நான்கு மாதம் வயிற்றில் வந்த நோயோடு போராடினார். தஞ்சாவூருக்கும் வேதாரண்யத்துக்குமாக அலைந்தோம். இனி வைத்தியம் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று அவர்தான் சொன்னார். தை மாதத்து ஒரு காலையில், அத்தானின் இடது கையைப் பிடித்தபடி கண் மூடினார்.

அந்நாட்களில் இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அத்தானுக்குத் தவறாமல் சோறு கொண்டுவந்த உப்பளத் தெருப் பெண்களுக்கும், தள்ளாத வயதிலும் பாடைக்கு முன்னே நடந்து வந்த மீன்காரப் பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அக்கா கட்டி முடித்த மூன்று சக்கரங்கள் கடையில் இருக்கின்றன. யாருடையவை என்று எங்களுக்குத் தெரியவில்லை. துக்க வீடாயிற்றே என்று கேட்கத் தயங்கியிருப்பீர்கள். தயவுசெய்து வாருங்கள். காலை வேளைகளில் அத்தான் கடையில் இருக்கிறார். அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சக்கரம் எதுவென்று காட்டினால் போதும், எடுத்துக் கொடுப்பார்.