கோவிந்தராஜ் தொட்டியின் சிவப்பு

கழனிக் கூலி வேலையே பார்த்துவந்த குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவன் வேம்புலி. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து பருத்திப்பட்டுக்குத் திரும்பியதும் நேரே மொட்டைமாடிக்குப் போவான். மீனுக்குத் தீனி போடும் சாக்கில் பக்கத்து மாடித் தொட்டியைப் பார்ப்பான். அது கோவிந்தராஜுடையது.

எண்பத்தொன்பதில் கப்பல்காரர் ஒருவர் கொடுத்த முட்டைகளை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆப்பிரிக்க மழைக்குட்டை மீன். குட்டை வற்றினால் முட்டை சேற்றில் தூங்கும், மழை வந்தால் பொரிக்கும். ஆயுள் ஒரு வருடம்கூட இல்லை. ஆணுக்கு வால் நெருப்பாகச் சிவக்கும். பெண் வெறும் சாம்பல். கடைக்காரர்கள் சிவப்பைத்தான் வாங்குவார்கள். வேம்புலிக்குப் பாதிக்குப் பாதி சாம்பல். கோவிந்தராஜுக்கோ தொட்டி முழுக்கச் சிவப்பு.

“அல்லாம் ஆம்பளதான் மாமே. நம்ம பொட்டையோட ராசி!”

வேம்புலிக்கு வயிறு எரியும். கடைசியில் தன் ஆண்களிலேயே அழகானதைக் கொடுத்து, அந்த ராசிக்காரக் கிழட்டுப் பெண்ணை வாங்கினான். அதன் முட்டைகளை ஈரத் தேங்காய்நார்த் தூளில் மாதக்கணக்காகக் காத்துப் பொரித்தான். மறுபடியும் பாதி சாம்பல்.

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஜமீலா டீச்சர் மீன் வாங்க வந்தபோது, கோவிந்தராஜுக்கு எல்லாம் ஆணாகவே பிறப்பது பெண் மீனின் ராசியா என்று கேட்டேவிட்டான். டீச்சர் தலையாட்டி மறுத்தார்.

“பொண்ணு என்னங்க பண்ணும்? இதுல பெண்ணுக்கு முப்பத்தாறு குரோமோசோம், ஆணுக்கு முப்பத்தஞ்சு. ஆண்கிட்ட ரெண்டு ஒண்ணா ஒட்டிக்கிட்டிருக்கு. அந்த ஒட்டினது குஞ்சுக்குப் போனா ஆண், போகலைன்னா பெண். எல்லாம் அப்பன்கிட்ட இருந்து வர்றது. யார் வளர்த்தாலும் ஏறக்குறையப் பாதிதான்.”

“அப்போ அவனுக்கு மட்டும் எப்படி டீச்சர்?”

“அதான் எனக்கும் புரியல” என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்து பார்த்தான். கோவிந்தராஜ் சாம்பல் குஞ்சுகளை வலையால் பொறுக்கி, விரால் வளர்க்கும் அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தான். விரால் வாய் திறந்து மூடியது. வேம்புலிக்குச் சிரிப்பு வந்தது. தான் கொடுத்த ஆண் அங்கே வாலை விரித்து நின்றதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. இவன் வீட்டில் அது ஒருநாளும் அப்படி மின்னியதில்லை.

மழைக்கு முன்னால் கோவிந்தராஜ் மாடியேறி வந்தான்.

“மாமே, ஒரு பொட்டை குடேன். நம்மகிட்ட ஒண்ணுகூட இல்ல. இருக்கிறது செத்தா அவ்ளோதான், ஒயிஞ்சுது.”

வேம்புலி சாக்கை இழுத்துத் தன் தொட்டியை மூடினான்.

“கெயவி பூட்டுச்சு மச்சான். குஞ்சுங்க அத்தினியும் ஆம்பள.”

“அத்தினியுமா?” கோவிந்தராஜின் கண் சாக்கைவிட்டு நகரவில்லை. “எப்படி மாமே?”

அந்தப் பார்வையை வேம்புலி நன்றாக அறிவான். இன்னும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கட்டும் என்று சாக்கின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான்.